இடக்கைப் பிள்ளையார்

என் வீட்டுக்காரருக்கு மறதி ஜாஸ்தி. குடையை மறப்பார், ரேஷன் கார்டை மறப்பார். ஒரு தடவை பாண்டி பஜாரில் என்னையே மறந்துவிட்டுத் தனியாக பஸ் ஏறிப் போய்விட்டார். ஆனால் டிராயிங் மாஸ்டர் வெங்கடரமணனை மட்டும் ஒரு நாளும் மறந்ததில்லை. கல்யாணமான புதிதில், இப்படி ஒரு மனுஷர் இன்னொரு மனுஷரை நினைத்துக்கொண்டிருக்கிறாரே, பெரிய குருபக்தி போலிருக்கிறது என்று நினைத்தேன். அது பக்தி இல்லை, பகை என்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச நாள் ஆயிற்று.

இவர் பெயர் கிருஷ்ணஸ்வாமி. மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, கிச்சா என்றால்தான் தெரியும். இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, குமாஸ்தாவுக்கு ஒரு படி மேலே ரிடையர் ஆனவர். அதற்கு மேல் போகாததற்குக் காரணம் கையெழுத்து. இவர் எழுதிய குறிப்பைப் படிக்க மேலதிகாரி இவரையே கூப்பிட்டு அனுப்புவாராம். சில சமயம் இவருக்கே படிக்க வராதாம். வலது கையால் எழுதுகிறாரே ஒழிய, அது இவருடைய கையே இல்லை. இவர் பிறவியில் இடது கைக்காரர்.

அந்த இடது கையின் ஆள்காட்டி விரல் நடுக்கணுவில் மடங்காது. குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் கல்யாணத்தில் முதல் முடிச்சுப் போடும்போது அந்த விரலால் கயிற்றைப் பிடிக்க முடியாமல் நழுவவிட்டார். பந்தலில் ஒரு கிசுகிசுப்பு ஓடியது. என் சித்தி ஒருத்தி அபசகுனம் என்று வாய்விட்டே சொன்னாள். மேளச் சத்தத்துக்கு நடுவில் குனிந்த தலை நிமிராமல் நான் கேட்ட முதல் விஷயம் அதுதான். நாத்தனார்தான் கயிற்றைப் பிடித்து முடிச்சைச் சரிபண்ணினாள்.

விரல் கதையைப் பிறகு இவரே சொன்னார். அப்போது மயிலாப்பூரில் குடியிருந்தார்கள், பள்ளிக்கூடம் கோபாலபுரத்தில். கையில் கரித்துண்டு கிடைத்தால் போதும், சுவர் பாக்கி இல்லாமல் தேர் வரைந்துவிடுவாராம். ஆறாம் வகுப்பில் பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள் டிராயிங் மாஸ்டர் எல்லோரையும் பிள்ளையார் வரையச் சொன்னார். மாஸ்டர் சின்ன வயசுக்காரர், வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் இவருடைய காகிதத்தை எடுத்தார். அசந்துபோய் வகுப்புக்கே தூக்கிக் காட்டினார். பிள்ளையார் எழுந்து வந்து கொழுக்கட்டை கேட்பார் போலிருக்கிறது என்றாராம். பையன்கள் கை தட்டினார்கள். காது என்னமோ சின்னதாக இருக்கிறது, அதை மட்டும் பெரிசாக்கு என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். இவர் சந்தோஷத்தில் பென்சிலை எடுத்துக் காதைப் போட ஆரம்பித்தார். அப்போதுதான் பென்சில் எந்தக் கையில் இருக்கிறது என்று மாஸ்டர் பார்த்தார்.

சாமியை அந்தக் கையாலா போட்டாய் என்று கேட்டாராம். கேட்டுவிட்டு இடது கையை பெஞ்சின் மேல் வைக்கச் சொல்லி, கனத்த மர ஸ்கேலைக் குத்தாக நிறுத்தி, அதன் விளிம்பால் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் பின்பெஞ்சு வரைக்கும் கேட்டதாம். பிள்ளையாரை நாலாகக் கிழித்துப் போட்டார். புத்தூருக்கு ரயிலில் கூட்டிக்கொண்டு போய்க் கட்டுப் போட்டும் விரல் நேராகவே நின்றுவிட்டது.

இதில் எனக்கு இன்றுவரை வயிறு எரிகிற இடம் வேறே. என் மாமனார் மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனார். சண்டை போட இல்லை. நல்ல காரியம் பண்ணினீர்கள், எத்தனை சொல்லியும் அந்தக் கை திருந்தவில்லை, இனிமேல் திருந்திவிடும் என்று மாஸ்டருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார். இவர் கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அன்றோடு வரைவதை விட்டார்.

எங்கள் பெண் சீதாவும் இடது கைக்காரியாகப் பிறந்தாள். என் மாமியார் குழந்தையின் கையில் துணியைச் சுற்றிவிட்டாள். ஆபீசிலிருந்து வந்து அதைப் பார்த்தவர் துணியைப் பிய்த்து எறிந்துவிட்டு, பெற்ற தாயோடு ஒரு மாசம் பேசவில்லை. சீதா பள்ளிக்கூடம் போன பிறகு வருஷா வருஷம் ஜூன் மாசம் லீவு போட்டுக்கொண்டு போய்ப் புது டீச்சரைப் பார்ப்பார். என் பொண்ணு இந்தக் கையாலதான் எழுதுவாள், யாராவது தொட்டால் நான் என்ன பண்ணுவேன் என்று எனக்கே தெரியாது என்று சொல்லிவிட்டு வருவார். மற்ற விஷயங்களில் எறும்பைக் கூட ஊதித்தான் தள்ளுவார்.

மாஸ்டர் இதற்குள் பெரிய ஆளாகிவிட்டிருந்தார். வாத்தியார் வேலையை விட்டு டெல்லி, பம்பாய் என்று போய், தாடி வளர்த்துக்கொண்டு திரும்பி வந்தார். இங்கிலீஷ் பேப்பரில் அவர் படம் வரும். இவர் அந்தப் பக்கத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வைப்பார். ஞாயிற்றுக்கிழமை அதைக் கீழே விரித்து, மாஸ்டர் முகத்துக்கு நேராகக் காலை வைத்துக்கொண்டு நகம் வெட்டுவார். இது என்ன அல்பத்தனம் என்று நான் கேட்டதற்கு, வேறு என்ன செய்ய முடிகிறது என்றார். முப்பது பையன்கள் பார்க்க அடித்தான், அதே மாதிரி நாலு பேர் பார்க்க ஒரு நாள் அவனைக் கேட்கணும், அவன் வாயால் ஆமாம் என்று சொல்ல வைக்கணும், அதற்கு முன்னால் நானும் சாகக்கூடாது, அவனும் சாகக்கூடாது என்பார். மாஸ்டரின் ஆயுளுக்கு இவரைப் போல வேண்டிக்கொண்டவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

தொண்ணூற்றாறில் இவர் ரிடையர் ஆனார். வீட்டில் உட்கார்ந்து என் சமையலில் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். சீதா அடையாறில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலையாக இருந்தாள். ஒரு நாள் ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்தாள். கோபாலபுரத்தில் பழைய பங்களா ஒன்றை ஆர்ட் கேலரியாக மாற்றியிருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஓவியமே தெரியாதவர்களுக்கு என்று ஒரு நாள் நடத்துகிறார்கள். காலையில் படங்களைச் சுற்றிக் காட்டிப் பார்க்கச் சொல்லித் தருவார்கள், மத்தியானம் நம்மையே வரைய வைப்பார்கள். ரெண்டு பேருக்கும் பேர் கொடுத்துவிட்டேன், வேண்டாமென்று சொல்லாதீர்கள் என்றாள். வேண்டாமென்றுதான் சொல்வார் என்று நான் அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தால் பிரசுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். பயிற்சி அளிப்பவர் ஓவியர் வெங்கடரமணன் என்று கீழே போட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சலவை வேட்டி கட்டிக்கொண்டு, விபூதி இட்டுக்கொண்டு கிளம்பினார். பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கூட இத்தனை அலங்காரம் இல்லை. அங்கே போய் ரகளை பண்ணக் கூடாது என்று பஸ்ஸில் சொன்னேன். ரகளை எதற்கு, ஒரு கேள்வி, ஒரு பதில், அவ்வளவுதான் என்றார்.

கேலரியில் சுற்றிக் காட்டிய பெண் ஸ்ரீலக்ஷ்மி. கதர்ப் புடவையும் பெரிய பொட்டுமாக, பேச்சில் நல்ல மரியாதை. வந்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். காலேஜ் பெண்கள், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் போர்டு எழுதும் கடை வைத்திருக்கிற ஷாஹுல் ஹமீது என்பவர். படத்தின் பெயரைப் படிக்காதீர்கள், முதலில் சும்மா நின்று பாருங்கள், என்ன தோன்றுகிறதோ சொல்லுங்கள், இங்கே தப்பான பதிலே கிடையாது என்றாள் அந்தப் பெண். இவர் மட்டும், தப்பே கிடையாதா என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டு கிடையாது மாமா என்றாள். 

முதல் அறையில் மரம், மாடு, மழை என்று இருந்தது. ரெண்டாவது அறைக்குள் நுழைந்தோம். நாலு சுவரிலும் பிள்ளையார். பெரிசு, சிறிசு, கறுப்பு மையில் ஒரே கோட்டில் போட்டது, செம்மண் நிறத்தில் அப்பியது. ஷாஹுல் ஹமீது ஒரு படத்தின் முன் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "இன்னாம்மா இது, கண்ணு எங்க கீது? தும்பிக்கைதான் நெறைய கீது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஸ்ரீலக்ஷ்மி விளக்கம் சொன்னாள். இதற்கு இடக்கைப் பிள்ளையார் வரிசை என்று பெயர். சார் நாற்பது வருஷம் வலது கையால் வரைந்தவர். ஒரு நாள் பென்சிலை இடது கைக்கு மாற்றினார். இத்தனை காலம் கட்டிப்போட்டிருந்த ஒன்று அவிழ்ந்துவிட்டது என்று சொல்வார். டெல்லியில் இந்த வரிசைக்குத்தான் அவருக்கு விருது கிடைத்தது.

நான் இவர் பக்கம் திரும்பவே பயந்தேன். திரும்பினேன். காது ரெண்டும் சிவந்து, ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கையால் பிள்ளையார் போட்டதற்கு இவர் விரல் போயிற்றோ, அந்தக் கையால் பிள்ளையார் போட்டு அந்த மனுஷன் விருது வாங்கியிருக்கிறான். போய்விடலாம் வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தேன். இவர் அசையவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கே கையில் கிடைத்ததை எடுத்து அந்தச் சுவர் முழுக்கக் கிழித்துவிடலாம் போலிருந்தது.

மத்தியானம் பின்கட்டில் மாமரத்தடியில் ஜமக்காளம் விரித்து உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு பலகை, காகிதம், கரித்துண்டு. மாஸ்டர் வந்தார். எழுபது தாண்டியவர், வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தாடி, பார்த்தால் கும்பிடத் தோன்றும் முகம். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. எல்லோரும் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், இடது கையால் ஒரு பிள்ளையார் போடுங்கள், கோணலாக வந்தால் வரட்டும், பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றார். சொல்லிவிட்டு, நின்றவாக்கில் தன் இடது கையால் பெரிய தாளில் ஒரே இழுப்பில் ஒரு பிள்ளையாரைப் போட்டார். நன்றாக இருந்தது. நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எல்லோரும் சிரித்துக்கொண்டு வரைந்தார்கள். நான் ஏதோ கோலம் போடுகிற மாதிரி ஒன்று போட்டேன். இவர் வெகுநேரம் கரித்துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையில் எடுத்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கையில் அவர் எழுதுகோல் எதையும் பிடித்து நான் பார்த்ததில்லை. மடங்காத விரல் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நிற்க, மற்ற விரல்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு இழுத்தார். கோடு நடுங்கியது, நின்றது, மறுபடி கிளம்பியது. மூக்கு நுனியில் வியர்வை துளிர்த்திருந்தது. என்ன கேட்க வந்தார் என்பதையே மறந்துவிட்டாரோ என்று தோன்றும்படி வரைந்துகொண்டிருந்தார்.

மாஸ்டர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லாருக்கும் பாராட்டு. ஷாஹுல் ஹமீதின் பிள்ளையார் கடை போர்டு மாதிரி இருந்தது, அதற்கும் பாராட்டு. இவரிடம் வந்ததும் நின்றுவிட்டார். குனிந்து காகிதத்தை எடுத்தார். எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டினார்.

"இந்தக் கோட்டைப் பாருங்கோ. இத்தனை வருஷமா நான் தேடிண்டிருக்கறது இதுதான். இந்த நடுக்கம் வேணும்னு போட்டா வராது" என்றார். காலேஜ் பெண்கள் கை தட்டினார்கள். மாஸ்டர் இவரைப் பார்த்து, "எங்கே சார் கத்துண்டேள்?" என்று கேட்டார்.

இவர் எழுந்து நின்றார். "உங்ககிட்டதான் சார். ஆறாவது, பி செக்‌ஷன்" என்றார்.

மாஸ்டர் முகம் மலர்ந்தது. பழைய மாணவன் என்று தோளில் கை போட வந்தார். இவர் இடது கையை நீட்டி, விரலை அவர் கண்ணுக்கு நேராகக் காட்டினார். மெதுவாக, சத்தமே உயர்த்தாமல் முழுக்கச் சொன்னார். சதுர்த்திக்கு முதல் நாள், பிள்ளையார் காது, ஸ்கேலின் விளிம்பு, நாலாகக் கிழித்தது, அப்பா வந்து நன்றி சொன்னது எல்லாம். இந்த நடுக்கம் நீங்கள் போட்டுக் கொடுத்ததுதான் சார், அதுதான் இவ்வளவு பிடித்திருக்கிறது என்றார். பிறகு, அடித்தீர்களா இல்லையா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள் என்றார். ஸ்ரீலக்ஷ்மி பிஸ்கட் தட்டோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மாஸ்டருக்கு மறக்கவில்லை என்பதை நான் அவர் முகத்திலேயே பார்த்தேன். ஜமக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஆமாம், அடிச்சேன்" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்குமோ என்னமோ. ஜிப்பாக் கையை முழங்கைவரை சுருட்டினார். இடது மணிக்கட்டுக்கு மேலே தோல் சுருங்கிப் பளபளவென்று ஒரு பழைய தழும்பு இருந்தது.

தானும் பிறவியில் இடது கைக்காரன்தான் என்றார். ஆறு வயசில் அவர் அப்பா கரண்டியைக் காய்ச்சிச் சூடு போட்டாராம். ராத்திரியெல்லாம் கத்தினாராம். அன்றிலிருந்து அந்தக் கையை யார் உபயோகித்தாலும் உடம்பு பதறுமாம். இந்தக் கையை வைத்துக்கொண்டு இந்தப் பையன் எத்தனை பேரிடம் படப்போகிறானோ என்று பயம், ஒரே அடியில் திருத்திவிட வேண்டும் என்று வெறி. வயசான பிறகுதான் தன் கையைத் தானே திரும்பத் தொட தைரியம் வந்தது என்றார். சொல்லும்போது தாடி நனைந்துவிட்டது. ரெண்டு கையையும் கூப்பினார். "பெரிய பாவம் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சுடுப்பா" என்றார்.

ஸ்ரீலக்ஷ்மி அழுதாள். காலேஜ் பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எல்லோரும் இவரையே பார்த்தார்கள். அடுத்தது என்ன என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். இவர் குனிந்து பெரியவரைத் தூக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிஸ்கட் சாப்பிட வேண்டும்.

"மாட்டேன் சார்" என்றார் இவர்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. ஷாஹுல் ஹமீதுதான் எழுந்து வந்து இவர் தோளைத் தொட்டார். "பெரியவரு கையெடுத்துக் கும்புடுறாரு. வயசானவரு. வுட்டுடு சார்" என்றார். ஸ்ரீலக்ஷ்மி என்னிடம் ஓடிவந்து, நீங்களாவது சொல்லுங்கள் மாமி என்று கெஞ்சினாள். அவர் விரல், அவர் கோபம், நடுவில் நான் யார் என்று கேட்டேன். அந்தப் பெண் என்னை ஒரு ராட்சசியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பார்க்கட்டும். நாலு பேர் அழுதுவிட்டார்கள் என்பதற்காக அடிபட்டவன் உடனே மனசு மாறிவிட வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

இவர் மாஸ்டருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கோபமே இல்லாத குரலில் பேசினார்.

"தெரியாம அடிச்சிருந்தேள்னா இன்னிக்கு விட்டிருப்பேன். விடணும்னுதான் பாதி மனசோட வந்தேன். ஆனா அந்த வலி என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுண்டே அடிச்சிருக்கேள்" என்றார்.

மாஸ்டர் கூப்பிய கையைப் பிரிக்கவும் தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். இவர் கீழே கிடந்த தன் பிள்ளையாரை எடுத்தார். கரி ஒட்டாமல் நிதானமாக மடித்தார். மாஸ்டரின் கைகளைப் பிரித்து, இடது உள்ளங்கையில் அதை வைத்து விரல்களை மூடிவிட்டார்.

"இத்தனை நாள் இதை நான் வெச்சுண்டிருந்தேன் சார். இனிமே நீங்க வெச்சுண்டிருங்கோ" என்றார்.

வெளியே வரும்போது யாரும் எங்களிடம் போய்வருகிறீர்களா என்று கூடக் கேட்கவில்லை. புதுக் கல்யாண ஜோடி வழியிலிருந்து ஒதுங்கி நின்றது. தெருமுனைவரை நடந்தோம். பசிக்கிறது அபயம் என்று என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார். பஸ் ஏறி, பாண்டி பஜாரில் இறங்கி ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்து நெய் ரோஸ்ட் சொன்னார், அது முடியுமுன் ரவா தோசை சொன்னார், பிறகு என் தட்டிலிருந்த பாதி வடையையும் எடுத்துக்கொண்டார். பழி வாங்கினால் மனசு நிறையாது என்று சொல்கிறவர்கள் அன்றைக்கு இவர் சாப்பிட்டதை வந்து பார்த்திருக்க வேண்டும்.